வினா யாருடையது? – மூலக்கூறு உயிரியற் கூடங்களும் மேலாய்வு வாய்ப்புகளும்

ஆங்கிலத்தில் 'போஸ்ட்டாக்' என்று வழங்கும் நிலைக்குத் தமிழில் இன்னும் உறுதியான பெயர் அமையவில்லை. 'முதுமுனைவர்' என்பார் உளர், அச்சொல்லோ டி.லிட். பட்டத்திற்கு வழங்கிவருவது. 'பின்முனைவர்' என்பாரும் உளர். அது முனைவருக்குப் பின்னால் நிற்பவர் என்ற பொருளையே தருகின்றது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 'முனைவர் பட்ட மேலாய்வு' என்று ஆளுகின்றது. நாம் அதனையே சுருக்கி மேலாய்வு என்றும், அதனைச் செய்பவரை மேலாய்வாளர் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

பெயரில் உள்ள குழப்பம் பொருளிலும் உண்டு. மேலாய்வு ஒரு பட்டமன்று. முடித்தவர் பெயருக்குப் பின் எந்த எழுத்தும் கூடுவதில்லை. நிலையான பணியுமன்று, இரண்டாண்டோ மூன்றாண்டோ கழிந்ததும் ஒப்பந்தம் முடிந்துவிடும். மாணவ நிலை எனவும் கூறவியலாது. வகுப்பில்லை, தேர்வில்லை, மாதந்தோறும் ஊதியமுண்டு. முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், தமக்கெனத் தனியாக ஓர் ஆய்வுக்கூடம் அமைவதற்கு முன், மூத்த அறிஞர் ஒருவரது கூடத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஆய்வு செய்யும் இடைக்காலம் அது. மூலக்கூறு உயிரியலில் இவ்விடைக்காலத்தைக் கடவாமல் பேராசிரியர் நிலையை எட்டுவோர் மிக அரியர்.

உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் உயிர்த்தொழில்நுட்பமும் நம் கல்லூரிகளில் பயின்று, வேறிடங்களில் முனைவர் பட்டமும் முடித்த பிள்ளைகள், அடுத்த படியைப் பற்றிப் பேசத் தம் பழைய ஆசிரியர்களை நாடி வருவதுண்டு. தமிழாசிரியரிடமும் வருகின்றனர். அவர்கள் எழுப்பும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டே. எந்தக் கூடம் புகழ்பெற்றது? எந்த நாடு மிகுதியாக ஊதியம் தரும்? இவை வேண்டாத வினாக்கள் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இவற்றிற்கு முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு. அக்கூடத்தை விட்டு வெளியேறும் நாளில், நம் கையில் உள்ள ஆய்வு வினா நமக்கு உரியதா, கூடத்திற்கே உரியதா? ஒரு மேலாய்வு இடம் வாய்ப்பா அன்றி வெறும் கூலிவேலையா என்பதை முடிவு செய்வது இவ்வொரு வினாவே என்பது நம் கருத்து. அக்கருத்துக்கான சான்றுகளை இத்துறையின் வரலாற்றிலிருந்தே எடுத்துவைக்க விழைகின்றோம்.

கூடத்தின் உள்ளே

முதலில் ஒரு மூலக்கூறு உயிரியற் கூடம் இயங்கும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். குழுத்தலைவர் ஒருவர் இருப்பார். அவர்க்குக் கீழ் முனைவர் பட்ட மாணவர்கள் சிலர், மேலாய்வாளர்கள் சிலர், தொழில்நுட்ப உதவியாளர் ஓரிருவர். தலைவரின் பெரும்பொழுது நல்கைக்கு விண்ணப்பம் எழுதுவதிலும் கட்டுரைகளைத் திருத்துவதிலும் கழியும். புரதத்தைப் பிரித்தெடுப்பது, மரபணுவை வெட்டி ஒட்டுவது, உயிரணுக்களை வளர்ப்பது, நள்ளிரவில் வந்து கருவியை நோக்குவது ஆகிய கைவேலை முழுவதும் மாணவர் மீதும் மேலாய்வாளர் மீதுமே விழும். இவர்களுள் மேலாய்வாளரே கைதேர்ந்தவர். ஆகவே கூடத்தின் பெயரில் வெளிவரும் முதன்மையான கண்டுபிடிப்புகளில் அவர் உழைப்பே மிகுதி.

இவ்வேலையில் காலம் ஒரு பெருஞ்சிக்கல். ஒரு புரதம் படிகமாக உறைய மறுத்தால் ஓராண்டு போய்விடும். மரபணு நீக்கிய எலிகளை வளர்த்து எண்ணிக்கையைப் பெருக்குவதற்குள் மற்றோர் ஆண்டு. ஒப்பந்தமோ இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். இயற்கையின் நாட்காட்டியும் நிதி வழங்குவோரின் நாட்காட்டியும் ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. மாக்ஸ் பெரூட்ஸ் 1937இல் ஈமோகுளோபின் புரதத்தின் எக்ஸ் கதிர்ப் படத்தை எடுக்கத் தொடங்கினார். அதன் வடிவம் அவர்க்குப் புலப்பட்டது 1959இல். இருபத்திரண்டு ஆண்டுகள். அத்துணை நெடிய வினாவை இரண்டாண்டு ஒப்பந்தக்காரர் ஒருவர் தொட இயலுமா? தொடலாம், ஒப்பந்தம் முடிந்தபின்பும் அவ்வினாவை உடன் எடுத்துச்செல்ல இடமிருந்தால்.

கேம்பிரிட்ஜின் படிப்பினை

பெரூட்ஸ் தலைமையில் 1962இல் கேம்பிரிட்ஜில் திறக்கப்பட்ட மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடம் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றத்தினுடையது. 1947இல் கேவண்டிஷ் இயற்பியற் கூடத்தின் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கிய முயற்சியே அவ்வாறு வளர்ந்தது. அதனோடு தொடர்புடைய ஆய்வுகளுக்காக 12 நோபல் பரிசுகளைப் 16 பேர் பகிர்ந்துள்ளனர். இப்புகழைக் கண்டு மயங்கி அங்கே விண்ணப்பிப்போர் பலர். நாம் நோக்க வேண்டியது அப்பரிசுகளுக்குப் பின்னால் இருந்த வழக்கத்தை. குழுக்கள் சிறியவை, தலைவர்களுள் பலர் தாமே ஆய்வு மேசையில் நின்று வேலை செய்தவர்கள், கருவிகள் அனைவர்க்கும் பொது, பெரூட்ஸின் துணைவியார் கிசெலா மேற்பார்த்த உணவகத்தில் மூத்தோரும் இளையோரும் ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் அருந்தினர். அங்கு மேலாய்வாளராக வந்தவர்கள் பெற்றுச்சென்றவை யாவை என்பதைப் பார்ப்போம்.

1974இல் ஜெர்மானிய இளைஞர் கியோர்க் கோலர், சீசர் மில்ஸ்டீனின் குழுவில் சேர்ந்தார். எதிர்ப்பொருள்கள் இத்துணை வகையாக உருவாவது எங்ஙனம் என்ற வினா அவர் முன்னரே மனத்தில் சுமந்துவந்தது. உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் முறை மில்ஸ்டீன் கூடத்தில் இருந்தது. வந்தவரின் வினாவும் கூடத்தின் கைத்திறனும் கலந்ததில், ஒரே வகை எதிர்ப்பொருளை இடைவிடாது சுரக்கும் உயிரணுக்கள் பிறந்தன. 1975இல் கட்டுரை வெளிவந்தது. 1984இல் இருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் வழங்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் பலவற்றுக்கு மூலம் அதுவே. கோலர் வெறுங்கையோடு வந்து, தலைவர் இட்ட பணியை மட்டும் முடித்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

அதே கூடத்தில் சிட்னி பிரென்னர் ஒரு மில்லிமீட்டர் நீளமேயுள்ள உருளைப்புழு ஒன்றை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். வளர்ந்த புழுவின் உடலில் 959 உயிரணுக்கள். அங்கு வந்த ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டனுடன் சேர்ந்து அவ்வுயிரணுக்களின் பிறப்பு வரிசையைத் தொடர்ந்தார். 1978இல் அவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்றபோது புழுவும் உடன் சென்றது, வினாவும் சென்றது. உயிரணுக்கள் தாமே மடிவதற்குக் காரணமான மரபணுக்களை அவர் கண்டது அங்கேதான். 2002இல் பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். புழு என் கண்டுபிடிப்பு, அதனைத் தொடாதே என்று பிரென்னர் தடுத்திருந்தால் அவ்வாய்வு அங்கேயே முடங்கியிருக்கும். அவர் தடுக்கவில்லை. உலகெங்கும் பரவிய புழு ஆய்வுக்கூடங்களுள் பல, அவரிடம் பயின்று சென்றோர் நிறுவியவை.

மார்ட்டின் சால்ஃபி 1977இல் அங்கே வந்தார். அப்புழுவின் தொடு உணர்வு நரம்புகள் அவர் எடுத்துக்கொண்ட பொருள். 1982இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோது அப்பொருளை உடன் கொண்டுசென்றார். பின்னாளில், ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்தை அதே நரம்புகளில் ஒளிரச்செய்து 1994இல் உலகிற்குக் காட்டினார். உயிருள்ள உயிரணுவுக்குள் நிகழ்வதை விளக்கேற்றிக் காண்பது போன்ற ஒரு முறை அதனால் கிடைத்தது. 2008இல் அவரும் நோபல் பரிசு பெற்றார்.

எடுத்துச்செல்ல இயலாதவர்கள்

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. சால்ஃபி ஒளிரச்செய்த அப்புரதத்தின் மரபணுவை முதலில் பிரித்தெடுத்து 1992இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிரேஷர். மேலாய்வுக் காலத்தைக் கடந்து, உட்ஸ்ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் தமக்கென ஓரிடம் தேடிக்கொண்டிருந்தவர் அவர். தொடர் நல்கை கிடைக்கவில்லை. தம் கையிலிருந்த மரபணுவைச் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் மனமுவந்து அனுப்பிவைத்தார். 2008இல் அவ்விருவர்க்கும் ஷிமோமுராவுக்கும் பரிசு அறிவிக்கப்பட்டபோது, பிரேஷர் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் கார் விற்பனை நிலையம் ஒன்றின் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியனும் அவரைத் தம் செலவில் ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அழைத்துச் சென்றனர். பின்னர்ச் சியன் தம் கூடத்திலேயே அவர்க்கு இடமளித்தார். பெருந்தன்மைதான். எனினும் ஒரு துறை தன் மக்களை நடத்தும் முறை, தனிமனிதர் பெருந்தன்மையை நம்பியிருக்கலாகாது.

இன்னும் பழைய சான்று ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் அம்மையாருடையது. பாரிசில் எக்ஸ் கதிர் முறையைக் கற்றுத் தேர்ந்த அவர், 1951இல் மூன்றாண்டு உதவித்தொகையுடன் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். இன்றைய சொல்லில் மேலாய்வாளர் எனத் தக்க நிலை. கூடத்தின் தலைவர் ராண்டல் எழுதிய கடிதம், டி.என்.ஏ.யின் எக்ஸ் கதிர் ஆய்வு அம்மையார்க்கே உரியது என்று பொருள்படும்படி இருந்தது. அங்கு முன்னரே அவ்வாய்வில் இருந்த வில்கின்ஸோ, அவர் தமக்கு உதவியாக வருகின்றார் என்று எண்ணியிருந்தார். அத்தெளிவின்மையிலிருந்து விளைந்த கசப்பை அறிவியல் வரலாறு நன்கறியும். அம்மையாரின் மேற்பார்வையில் எடுக்கப்பட்ட படம் 1953 ஜனவரியில் அவர் அறியாமலேயே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. அவ்வாண்டு அவர் பிர்க்பெக் கல்லூரிக்கு இடம்பெயர்ந்தபோது, டி.என்.ஏ. ஆய்வை விட்டுவிட வேண்டும் என்று ராண்டல் கடிதம் எழுதினார். வினாவை வாசலிலேயே வைத்துவிட்டுப் போ என்பதே அதன் பொருள். அவர் வைரசுகளின் வடிவம் என்னும் புதிய வினாவை எடுத்துக்கொண்டு, 1958இல் தம் 37ஆம் வயதில் மறைவதற்குள் அதிலும் பெரும்பணி ஆற்றினார்.

ஜேம்ஸ் வாட்சனின் கதை இதற்கு நேர்மாறு. 1950இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், அமெரிக்க உதவித்தொகையில் உயிர்வேதியியல் கற்கக் கோபன்ஹேகன் அனுப்பப்பட்டார். அது அவர்க்குப் பிடிக்கவில்லை. டி.என்.ஏ.யின் வடிவமே தம் வினா என்று முடிவுசெய்து 1951இல் கேம்பிரிட்ஜுக்கு மாறினார். நிதி வழங்கிய குழு உடன்படாமல் உதவித்தொகைக் காலத்தைக் குறைத்தது, அவர் அசையவில்லை. பிற்காலத்தில் அவர் வெளியிட்ட இனவாதக் கருத்துகளை எவ்வகையிலும் ஏற்க இயலாது. ஃபிராங்க்ளின் படத்தை அவர் பயன்கொண்ட முறையும் கண்டனத்திற்குரியதே. ஆயினும் வினாவைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை ஒருவர்க்கு இருந்தது, மற்றவர்க்கு மறுக்கப்பட்டது என்னும் வேறுபாட்டை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிதம்பரத்தில் பிறந்தவர்

வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசு பெற்றபோது நம்மவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவர் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர் என்பது நாளிதழ்களில் கொட்டை எழுத்தில் வந்தது. மூன்று வயதில் அவர் அவ்வூரை விட்டுப் பரோடாவுக்குச் சென்றுவிட்டார். பிறந்த ஊரைக் கொண்டாடிய நாம், அவர் கடந்துவந்த வழியைக் கேட்டறிந்தோமா?

அவர் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டம் பெற்றபின், தமக்கு ஆர்வம் உயிரியலில்தான் என்று தெளிந்து, மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் மேலாய்வாளரானார். உயிரணுவுக்குள் புரதங்களைக் கட்டும் ரைபோசோமில் எந்தப் புரதம் எங்கே அமர்ந்துள்ளது என்பதை நியூட்ரான் கதிர்களால் அளப்பது அவர் பணி. மேலாய்வு முடிந்து ஏறத்தாழ ஐம்பது கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பித்தார். ஆசிரியப் பணி எங்கும் கிடைக்கவில்லை. ஓக்ரிட்ஜ், புரூக்ஹேவன் ஆகிய தேசிய ஆய்வுக்கூடங்களில் பணியாற்றினார். படிகவியல் கற்க வேண்டும் என்று தோன்றியபோது, நாற்பதை நெருங்கும் வயதில், 1991இல் ஓராண்டு விடுப்பில் கேம்பிரிட்ஜ் சென்று கற்றார். 1999இல் ஊதியக் குறைவையும் பொருட்படுத்தாது அக்கூடத்திலேயே வந்து சேர்ந்தார். மறு ஆண்டு, ரைபோசோமின் சிறு பகுதியின் முழு வடிவத்தை அவர் குழு வெளியிட்டது. யேலில் மேலாய்வாளராகத் தொட்ட வினாவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து விடை கிட்டியது. பெரூட்ஸுக்கும் அதே இருபத்திரண்டு ஆண்டுகளே ஆயின என்பது தற்செயல்தான். ஆயினும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

அக்கட்டுரையின் முதற்பெயர் ராமகிருஷ்ணனுடையதன்று. குழுவில் உழைத்த பிரையன் விம்பர்லியினுடையது. அதே ஆண்டில் யேலிலிருந்து ரைபோசோமின் பெரும்பகுதியைக் காட்டிய கட்டுரையின் முதற்பெயர் நேனாட் பான். அவர் அப்போது தாமஸ் ஸ்டைட்ஸின் மேலாய்வாளர். நோபல் பரிசை ஒரு துறையில் மூவர்க்கு மேல் பகிர இயலாது என்பது விதி. மேசையில் நின்றோர் பெயரை உலகம் மறந்துவிடும். அதனாலும்தான், பெயரைவிட வினாவைக் கொண்டுசெல்வது மேலானது என்கின்றோம். பான் பின்னர்ச் சூரிச்சில் தம் கூடத்தை அமைத்து ரைபோசோம் ஆய்வைத் தொடர்ந்தார்.

இரு வகை வாய்ப்பு

இளையோர்க்கு நடைமுறையில் பயன்படக்கூடிய செய்திக்கு வருவோம். மேலாய்வு வாய்ப்புகள் பெரும்பாலும் இரு வகை. குழுத்தலைவரின் நல்கையிலிருந்து ஊதியம் பெறுவது ஒன்று. 'இன்ன திட்டத்திற்கு ஆள் தேவை' என்று விளம்பரம் வரும், வினா தலைவருடையது, நல்கை முடிந்தால் வேலையும் முடியும். தம் பெயரிலேயே உதவித்தொகை பெற்றுச் செல்வது மற்றொன்று. விண்ணப்பிப்பவரே வினாவை எழுத வேண்டும். பணம் அவர் பெயரில் வரும். கூடத்தில் அவர் சொல்லுக்கு எடையிருக்கும்.

இரண்டாம் வகைக்கு நம் பிள்ளைகளுக்கு வழிகள் உண்டு. ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போ, நாடு விட்டு நாடு செல்வோர்க்கு இரண்டாண்டு வரை உதவித்தொகை தருகின்றது; 2016இல் இந்தியா அதன் இணை உறுப்பு நாடாயிற்று. மனித எல்லை அறிவியல் திட்டம் மூன்றாண்டுக்குத் தருகின்றது. முனைவர் பட்ட ஆய்வுத் துறையிலிருந்து விலகிப் புதியதைத் தொடவேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. மேரி கியூரி பெயரிலான ஐரோப்பிய உதவித்தொகைக்குப் பட்டம் பெற்று எட்டாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். செல்லவிருக்கும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்திற்கு மேல் வாழ்ந்திருக்கலாகாது. இந்தியாவுக்குள் உயிர்த்தொழில்நுட்பத் துறையின் ஆய்வு இணையர் திட்டம், தேசிய மேலாய்வு உதவித்தொகை, வெல்கம் அறக்கட்டளையும் அரசும் 2008இல் தொடங்கிய இந்தியக் கூட்டணியின் திட்டங்கள் ஆகியன உள்ளன. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும், பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இந்திய அறிவியற் கழகமும் இவ்வாய்வாளர்க்கு இடமளிப்பவை.

ஊதியத்தைப் பற்றியும் ஒளிவின்றிச் சொல்வோம். இந்திய அரசின் ஆய்வு இணையர்க்கு 2023 ஜனவரி முதல் மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை. வீட்டு வாடகைப்படி தனி. வருவது பல வேளைகளில் தாமதமாகவே. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2024இல் தொடக்கநிலை மேலாய்வாளர்க்கு நிறுவிய தொகை ஆண்டுக்கு 61,008 டாலர். அதே நிறுவனங்கள் அமைத்த குழு 2023 டிசம்பரில் பரிந்துரைத்ததோ குறைந்தது 70,000 டாலர்; மேலாய்வுக் காலம் ஐந்தாண்டைத் தாண்டலாகாது என்றும் அக்குழு கூறியது. அங்கே 2025இல் ஆய்வு நல்கைகள் பல நிறுத்தப்பட்டதையும், புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டதையும் மனத்தில் கொண்டே முடிவெடுக்க வேண்டும். அமெரிக்கா ஒன்றே வழி என்றிருந்த காலம் போய்விட்டது.

கேட்க வேண்டியவை

ஒரு கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் 'சரி' என்று எழுதுமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிவது நலம் என எண்ணுகின்றோம்.

1. இக்கூடத்தை விட்டுச் சென்ற கடைசி ஐந்து மேலாய்வாளர்கள் இப்போது எங்கே இருக்கின்றனர்? அவர்களுள் இருவரிடமாவது நேரில் பேச வேண்டும். இருப்பவர் புகழ்வர், சென்றவர் உண்மை சொல்வர்.

2. நான் செல்லும்போது எந்த வினாவை, எந்த உயிரணு வகைகளை, எந்த மரபணுக் கட்டமைப்புகளை உடன் கொண்டுசெல்லலாம்? விடையை எழுத்தில் பெற வேண்டும். ஃபிராங்க்ளின் அம்மையார்க்கு நேர்ந்தது ஒரு கடிதத்தின் தெளிவின்மையால் என்பதை மறத்தலாகாது.

3. ஒரே வினாவை இருவர்க்குக் கொடுத்துப் போட்டியிடச் செய்யும் வழக்கம் உண்டா? கட்டுரையில் பெயர் வரிசையை யார், எப்போது முடிவு செய்வர்?

4. என் ஊதியம் எந்த நல்கையிலிருந்து வருகின்றது? அது எந்த நாள் வரை உள்ளது? விசா யாருடைய கையொப்பத்தை நம்பியுள்ளது?

5. மருத்துவக் காப்பீடு, மகப்பேற்று விடுப்பு இவை உண்டா? விடுப்புக் காலம் ஒப்பந்தத்தில் கூட்டித் தரப்படுமா?

இவற்றைக் கேட்டால் நன்றியற்றவர் என்று எண்ணிவிடுவார்களோ என அஞ்சும் பிள்ளைகள் நம்மிடையே மிகுதி. ஆசிரியர் முன் வாய் திறவாமையே அடக்கம் என்று பழக்கியது நாம்தான். இவ்வினாக்களைக் கேட்டதற்காகச் சினக்கும் தலைவரிடம் சேராமல் தப்பியது நல்லூழ் என்று கொள்க.

ஒரு மறுப்பும் விடையும்

பட்டம் பெற்ற மறுநாளே சொந்த வினா வேண்டும் என்பது பேராசை ஆகாதா, முதலில் பெரியோர் காட்டும் வழியில் நடந்து கற்க வேண்டாவா என்று கேட்பார் உளர். நேரிய கேள்வியே. நாம் அதற்கு நம் துறையிலிருந்து ஒரு சான்று காட்டுவோம். உ.வே. சாமிநாதையர் 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றார். அங்கே பெற்றது தமிழை நுணுகிக் கற்கும் பயிற்சி. சேலம் இராமசுவாமி முதலியார் 1880இல் எழுப்பிய வினாக்களால் சீவக சிந்தாமணி அவர் கைக்கு வந்தபோது, ஆசிரியரிடம் பெற்ற பயிற்சியைத் தம்முடையதாகிவிட்ட அப்புதிய வினாவில் செலுத்தினார். 1887இல் பதிப்பு வெளிவந்தது. ஆசிரியர் கையைப் பழக்குவார். கால் செல்லும் திசையை மாணவரே கண்டுகொள்ள வேண்டும். மேலாய்வும் இத்தகையதே. முதலாண்டு பிறர் வினாவில் உழைப்பது குற்றமன்று. கடைசி ஆண்டிலும் பிறர் வினாவே கையிலிருந்தால், அது பயிற்சியாகாது.

நம் கடமை

இனி நம் பக்கம் திரும்புவோம். 1948இல் முனைவர் பட்டம் பெற்ற ஹர் கோவிந்த் கொரானா சூரிச்சில் உதவித்தொகையின்றிச் சேமிப்பைக் கொண்டே மேலாய்வு செய்தார். 1949இல் தாயகம் திரும்பியவர்க்கு இங்கே தக்க பணி கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ், வான்கூவர், விஸ்கான்சின் எனச் சென்று 1968இல் நோபல் பரிசு பெற்றார். மாறாக, அமெரிக்காவில் மேலாய்வு முடித்த ஒபைது சித்திக்கிக்கு ஹோமி பாபா 1962இல் பம்பாய் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஒரு மூலக்கூறு உயிரியற் பிரிவையே அமைத்துக் கொடுத்தார். பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் அவ்விதையிலிருந்து வளர்ந்தது. வினாவோடு திரும்பி வருபவர்க்கு இடம் கொடுத்தால் என்ன விளையும், கொடாவிட்டால் என்ன இழப்போம் என்பதற்கு இவ்விருவர் வரலாறும் போதும்.

வீட்டிலும் மாற வேண்டியவை உள. மேலாய்வாளர் வயது பெரும்பாலும் 28 முதல் 35 வரை. திருமணமும் மகப்பேறும் பெற்றோரின் முதுமையும் ஒருங்கே வந்து நிற்கும் பருவம் அது. 'இன்னுமா படிக்கின்றாய்?' என்ற கேள்வி ஆணைச் சுடும். பெண்ணையோ ஆய்விலிருந்தே விலக்கிவிடும். அங்கேரியிலிருந்து 1985இல் கணவருடனும் இரண்டு வயது மகளுடனும் ஃபிலடெல்ஃபியாவுக்கு மேலாய்வு செய்யச் சென்ற கட்டலின் கரிக்கோ, தூது ஆர்.என்.ஏ. என்ற ஒரே வினாவைப் பற்றிக்கொண்டிருந்தார். நல்கை கிடைக்கவில்லை, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1995இல் அவரைப் பதவியிறக்கியது. அவர் வினாவை விடவில்லை. பின்னர் வந்த கொரோனாத் தடுப்பூசிகளுக்கு அவ்வினாவே அடித்தளமாயிற்று. 2023இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அவர்போல் தாங்கி நின்று வென்றவர் ஒருவரைக் காட்டி, எல்லாரும் தாங்குக என்று சொல்வது அறமாகாது. தாங்க இயலாமல் வெளியேறியோரின் வினாக்கள் எத்தனை அழிந்தன என்பதை எந்த நூலும் பதிவு செய்வதில்லை.

மேலாய்வு முடித்தோர் எல்லார்க்கும் பேராசிரியப் பணி கிட்டாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்து நிறுவனத்திற்கோ காப்புரிமைப் பணிக்கோ பள்ளி ஆசிரியத்திற்கோ செல்வது தோல்வியன்று. ஏழாண்டு காத்திருக்கச் செய்து, இடமில்லை என்று கடைசியில் கைவிரிப்பதே கொடுமை. ஆகவே கல்லூரிகளில் உள்ள நாம், 'வெளிநாட்டில் வாய்ப்பு வந்துவிட்டது' என்று மாலையிட்டுப் படம் பிடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு நின்றுவிடலாகாது. புறப்படுமுன் அப்பிள்ளையை அருகில் அமர்த்தி, 'உன் வினா என்ன? திரும்பி வரும்போது அது உன் கையில் இருக்குமா?' என்று கேட்க வேண்டும். விடை தெளிவாக வந்தால், கூடம் சிறிதாயினும் ஊதியம் குறைவாயினும் வாழ்த்தி அனுப்பலாம். வாராவிடின், உலகப் புகழ்பெற்ற கூடமே அழைத்திருந்தாலும், இன்னும் ஒரு திங்கள் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுமாறு சொல்வதே ஆசிரியர்க்கு அழகு.